ஆறு நிறங்களில் வெள்ளையணுக்கள்: ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நுண்ணோக்கியின் கீழ் வெள்ளையணு வகைகளான ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் அருகருகே கிடந்தால், எவ்வளவு பழகிய கண்ணாலும் எது எதுவென்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில், உருண்டையான பெரிய உட்கருவும் அதைச் சுற்றிய மெல்லிய சைட்டோபிளாசமுமாகத்தான் தெரியும். வேறுபாடு அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்களில் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஒன்றைப் பிணைத்துச் செல்களோடு கலந்து, பின்னர் அச்செல்களை ஒற்றை வரிசையில் லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு, எந்தச் செல்லிலிருந்து எந்த நிறம் எவ்வளவு வருகிறது என்று நொடிக்குச் சில ஆயிரம் செல்கள் வீதம் அளப்பதே ஃப்ளோ சைட்டோமெட்ரி.

பிப்பெட் பிடிக்கத் தெரிந்த, ஆனால் இந்தக் கருவியின் முன் இதுவரை உட்காராத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 100 மைக்ரோலிட்டர் மனித இரத்தத்தில் டி, பி, என்கே (இயற்கைக் கொல்லி) ஆகிய மூவகை லிம்போசைட்டுகளை, அதாவது ஒரு பிரிவு வெள்ளையணுக்களை, பிரித்தறியும் ஆறு நிறப் பரிசோதனையை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். 488 நானோமீட்டர் நீல லேசரும் 640 நானோமீட்டர் அளவிலான சிவப்பு லேசரும் உள்ள எளிய கருவி இதற்குப் போதும். தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருவிக்குச் செல்லின் பெயர் தெரியாது. எந்த வடிகட்டியின் வழியாக எவ்வளவு ஒளி வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இறந்த செல்லும் ஒளிரும், ஒட்டிக்கொண்ட இரு செல்களும் ஒளிரும், சிதைந்துபோன சாயமும் ஒளிரும். விடையின் தரம் பெரும்பாலும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்பதால், மேசை வேலைக்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

எந்தப் புரதம், எந்தச் சாயம்

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒற்றை வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, ஆய்வகங்கள் தத்தம் விருப்பப்படி ஆன்டிபாடிகளைச் செய்து தத்தம் விருப்பப்படியே பெயரும் வைத்தன. இன்று நாம் சிடி4 என்று அழைக்கும் புரதம் ஓரிடத்தில் டி4 என்றும் மற்றோரிடத்தில் லியூ-3 என்றும் வழங்கியது. 1982-ல் பாரிஸில் நடந்த பன்னாட்டுப் பயிலரங்கில்தான் சிடி எண்கள் வகுக்கப்பட்டன. எண்ணுக்கும் செல்லின் பணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே தேவையானவற்றை மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நமக்கு இப்போது வேண்டியவை ஏழு. சிடி45 எல்லா வெள்ளையணுக்களிலும் உண்டு. சிடி3 டி செல்லின் அடையாளம். அதற்குள் சிடி4 உதவி டி செல்லையும், சிடி8 கொல்லும் டி செல்லையும் காட்டும். சிடி19 பி செல்லுக்கு உரியது. சிடி16, சிடி56 ஆகிய இரண்டும் என்கே செல்லுக்கு. கடைசி இரண்டையும் ஒரே நிறத்தில் வைத்துவிடுவதால் ஏழு புரதங்களுக்கு ஆறு நிறங்கள் போதும். இவற்றுள் சிடி4 எண்ணிக்கைதான் மருத்துவமனைகளில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பரவலாக்கியது. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சிடி4 செல்கள் 200-க்குக் கீழே இறங்கினால் நோய் முற்றிய நிலை என்று கொள்ளும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்று உண்டு. மேற்சொன்ன எந்தப் புரதமும் தனியாக நின்று ஒரு செல்லை அடையாளம் காட்டாது. லிம்போசைட் அல்லாத வெள்ளையணுக்களான மோனோசைட்டுகளிலும் சிடி4 மங்கலாக உண்டு. அத்தகைய இன்னொரு வகையான நியூட்ரோஃபில்களில் சிடி16 ஏராளம். சில டி செல்களில் சிடி56 இருக்கும். என்கே செல்களில் ஒரு பகுதியில் சிடி8 மங்கலாக இருக்கும். ஆகவே என்கே செல் என்றால் சிடி16 அல்லது சிடி56 உள்ளது என்பதோடு சிடி3 இல்லாதது என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாததைக் காட்டும் ஆன்டிபாடியும் உள்ளதைக் காட்டும் ஆன்டிபாடியைப் போலவே அவசியமானது.

சாயங்களைப் பங்கிடுவதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது: செல்லில் குறைவாக உள்ள புரதத்துக்குப் பிரகாசமான சாயம், நிறைய உள்ள புரதத்துக்கு மங்கலான சாயம். சிடி3 அடர்த்தியாக இருப்பதால் அதற்கு எஃப்ஐடிசி என்னும் சாயம் போதும். ஆய்வகப் பேச்சில் இதை ஃபிட்சி என்பார்கள். என்கே செல்லின் சிடி56 பலவற்றில் மங்கலாக இருப்பதால் சிடி16, சிடி56 இரண்டுக்கும் மிகப் பிரகாசமான பிஇ. சிடி45-க்குப் பெர்சிபி-சை5.5, சிடி4-க்குப் பிஇ-சை7, சிடி19-க்கு ஏபிசி, சிடி8-க்கு ஏபிசி-சை7. முதல் மூன்றையும் பிஇ-சை7-ஐயும் நீல லேசர் தூண்டும். ஏபிசி சார்ந்த இரண்டையும் சிவப்பு லேசர் தூண்டும். பிஇ, ஏபிசி இரண்டும் பாசிகளிலிருந்து பெறப்படும் புரதங்கள். எனவே அவை பிணைந்த ஆன்டிபாடியை ஒருபோதும் உறையவைக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில், இருட்டில் வைத்தால் போதும்.

பெயரில் ‘சை’ வருபவை இரட்டைச் சாயங்கள். ஒரு சாயம் லேசர் ஒளியை வாங்கி, பக்கத்தில் பிணைந்திருக்கும் இன்னொரு சாயத்திடம் அந்த ஆற்றலைக் கைமாற்றிவிடுகிறது. வெளியே வருவது இரண்டாவதன் ஒளி. ஒளியும் வெப்பமும் இந்தப் பிணைப்பைச் சிதைத்துவிடும். சிதைந்தால் முதற்சாயம் தன் சொந்த நிறத்திலேயே ஒளிரத் தொடங்கும். இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

அளவறிதல்

ஆன்டிபாடி குப்பியில் எழுதியிருக்கும் அளவை அப்படியே ஏற்றுக்கொள்வது பொருளும் வீண், முடிவும் மங்கல். பரிந்துரைத்த அளவிலிருந்து தொடங்கி 5, 2.5, 1.25, 0.6, 0.3 மைக்ரோலிட்டர் எனப் பாதிபாதியாகக் குறைத்து, ஒரே அளவு இரத்தத்தில், ஒரே மொத்தக் கனஅளவில் தனித்தனி டியூப்களில் சாயமேற்றிப் பாருங்கள். அளவு கூடினால் நேர்மறைச் செல்கள் (புரதம் உள்ளவை) பிரகாசமாகும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் எதிர்மறைச் செல்களும் (புரதம் இல்லாதவை) கூடவே ஏறத் தொடங்கும். இரண்டு கூட்டங்களும் மிக விலகி நிற்கும் அளவே உங்களுக்கு உரியது. மிகப் பிரகாசமான அளவு அதுவாக இருக்க வேண்டியதில்லை. கணக்காகச் சொன்னால், நேர்மறையின் இடைநிலை மதிப்பிலிருந்து எதிர்மறையின் இடைநிலை மதிப்பைக் கழித்து, எதிர்மறையின் திட்ட விலக்கத்தைப் போல இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண் எந்த டியூபில் அதிகமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோயறிதலுக்கென ஒப்புதல் பெற்று முன்கூட்டியே கலந்து விற்கப்படும் ஆன்டிபாடிக் கலவைகளுக்கு இது பொருந்தாது. அங்கே தயாரிப்பாளரின் அளவை மாற்றும் உரிமை நமக்கு இல்லை.

இரத்தத்தில் சாயமேற்றுதல்

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடி டியூபில் இரத்தத்தை வாங்கி, எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். அறை வெப்பத்தில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சாயமேற்றிவிடுவது நல்லது. மனித இரத்தம் எதுவானாலும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறை அணிய வேண்டும். இந்த வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை முன்னரே போட்டிருக்க வேண்டும்.

ஏழு ஆன்டிபாடிகளையும் தனித்தனியே ஒவ்வொரு டியூபிலும் சேர்ப்பதைவிட, எத்தனை டியூப்களோ அதைவிட ஒன்று கூடுதலான கணக்கில் ஒரு கலவையைத் தயாரித்துக்கொண்டு பங்கிடுவது பிழையைக் குறைக்கும். 12 × 75 மில்லிமீட்டர் பாலிஸ்டைரின் டியூபின் அடியில் கலவையை விட்டு, 100 மைக்ரோலிட்டர் இரத்தத்தைச் சேருங்கள். இந்த இடத்தில் கை அவசரப்படக் கூடாது. பிப்பெட் முனை டியூபின் உட்சுவரில் உரசினால், அங்கே ஒட்டிக்கொள்ளும் இரத்தக் கோட்டை ஆன்டிபாடி எட்டாது. பின்னால் சிவப்பணுக்களைச் சிதைக்கும் கரைசலை ஊற்றும்போது அந்தக் கோடு கரைந்து உள்ளே இறங்கும். சாயமே படாத வெள்ளையணுக்கள் திரையில் தோன்றி, எல்லா நிறத்திலும் எதிர்மறையான ஒரு புதிய கூட்டமாக உங்களை மயக்கும். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒவ்வொரு டியூபையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துச் சுவரைப் பார்ப்பார். மயிரிழை போலச் சிவப்பு தெரிந்தாலும் பஞ்சுக் குச்சியால் துடைக்கச் சொல்வார். அப்போது அது வீண் கெடுபிடியாகத் தோன்றியது.

மெதுவாகக் கலக்கி, அறை வெப்பத்தில் இருட்டில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு 155 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு, 10 மில்லிமோலார் பொட்டாசியம் பைகார்பனேட், 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ கொண்ட கரைசலில் 2 மில்லிலிட்டர் சேர்த்து, மீண்டும் இருட்டில் 10 நிமிடம். சிவப்பணுக்கள் உடைந்ததைக் கண்ணாலேயே அறியலாம்: கலங்கிய சிவப்பு, தெளிந்த செந்நீராக மாறி, டியூபுக்குப் பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடியும். தெளிந்த பின்பும் விட்டுவைத்தால் வெள்ளையணுக்களும் அடிபடும்.

300 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரை ஒரே சீரான கவிழ்ப்பில் கொட்டுங்கள். கவிழ்த்த டியூபை இரண்டாவது முறை உதறினால் அடியில் படிந்த செல்களும் போய்விடும். எஞ்சிய சொட்டு நீரில் செல்களை விரலால் தட்டிக் கலைத்த பிறகே கழுவுநீரை ஊற்ற வேண்டும். கட்டியாக இருக்கும்போது ஊற்றினால் கட்டிகளாகவே இருக்கும். கழுவுநீர் என்பது பிபிஎஸ் என்னும் உப்புத் தாங்கல் கரைசலில் 2 சதவீதம் கன்றின் சீரமும் 0.1 சதவீதம் சோடியம் அசைடும் சேர்ந்தது. ஆன்டிபாடி பற்றிய புரதத்தைச் செல் உள்ளிழுத்துக்கொள்ளாமல் அசைடு தடுக்கிறது. கொடிய நஞ்சு என்பதால் அமிலத்தோடு சேரவிடக் கூடாது, செல்களைப் பின்னர் வளர்ப்பதாக இருந்தால் சேர்க்கவும் கூடாது. 2 மில்லிலிட்டரில் ஒருமுறை கழுவி, 300 மைக்ரோலிட்டரில் மிதக்கவிட்டு, 4 டிகிரியில் இருட்டில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கருவிக்குக் கொண்டுபோகலாம். மறுநாள்தான் முடியுமென்றால் 1 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தலாம். அப்போது கட்டுப்பாட்டு டியூப்களையும் அதே முறையில் நிலைப்படுத்த வேண்டும்.

அன்றே எடுத்த இரத்தத்தில் இறந்த செல்கள் குறைவு என்பதால் மேற்கண்ட கலவையில் அவற்றைக் காட்டும் சாயம் இல்லை. உறையவைத்து எடுத்த செல்களிலோ, திசுவிலிருந்து பிரித்த செல்களிலோ அந்தச் சலுகை கிடையாது. இறந்த செல் எந்த ஆன்டிபாடியையும் தாறுமாறாக ஒட்டவிடும். நிலைப்படுத்தாத செல்லுக்கு, இறந்தவற்றுக்குள் மட்டும் புகும் 7-ஏஏடி போன்ற சாயம் போதும். நிலைப்படுத்துவதாக இருந்தால் அமீனோடு வினைபுரியும் சாயத்தை, சீரம் இல்லாத வெறும் பிபிஎஸ்ஸில், முதலில் ஏற்ற வேண்டும்.

கட்டுப்பாட்டு டியூப்கள்

புதியவர்கள் மிச்சம்பிடிக்க நினைக்கும் இடம் இதுதான். எந்தச் சாயமும் தன் வடிகட்டிக்குள் மட்டும் ஒளிர்வதில்லை. எஃப்ஐடிசியின் உச்சம் 520 நானோமீட்டர் அருகே இருந்தாலும் அதன் வால் பிஇ அளக்கப்படும் 575 நானோமீட்டர் பகுதிவரை நீளும். சிடி3 எஃப்ஐடிசி மட்டும் சேர்த்த டியூபில் நேர்மறைச் செல்கள் எஃப்ஐடிசியில் 20,000 அலகும், பிஇ சேர்க்காமலேயே பிஇயில் 4,000 அலகும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கசிவு 20 சதவீதம். ஒவ்வொரு செல்லின் பிஇ மதிப்பிலிருந்தும் அதன் எஃப்ஐடிசி மதிப்பில் 20 சதவீதத்தைக் கழிப்பதே காம்பன்சேஷன். ஆறு நிறத்துக்கும் இதை மென்பொருள் ஒரே நேரத்தில் தீர்த்துத் தரும், நாம் ஆறு ஒற்றைச் சாய டியூப்களையும் சாயமே இல்லாத ஒரு டியூபையும் சரியாகக் கொடுத்திருந்தால்.

சரி என்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒற்றைச் சாய டியூபில் உள்ள நேர்மறைக் கூட்டம் மாதிரியில் இருப்பதற்குச் சமமாகவோ அதைவிடப் பிரகாசமாகவோ இருக்க வேண்டும். சாயம் அதே சாயமாக இருக்க வேண்டும். இரட்டைச் சாயங்களில் அதே தொகுதி எண்ணும் அவசியம், ஏனெனில் ஒரு பிஇ-சை7 இன்னொரு பிஇ-சை7-ஐப் போலக் கசிவதில்லை. நேர்மறைக்கும் எதிர்மறைக்கும் இயல்பான சுய ஒளிர்வு ஒன்றாக இருக்க வேண்டும். நேர்மறைக்கு ஆன்டிபாடியைப் பற்றும் பிளாஸ்டிக் நுண்மணிகளைப் பயன்படுத்திவிட்டு எதிர்மறைக்குச் செல்களை எடுத்துக்கொள்வது தவறு. காம்பன்சேஷனைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்தும் பழக்கம் இன்னும் சில ஆய்வகங்களில் இருக்கிறது. அது தொற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசிவைக் கழித்த பின்னும் அதனால் வந்த சிதறல் போகாது. எதிர்மறைக் கூட்டம் அகன்றே நிற்கும். ஆகவே மங்கலான நேர்மறைக்கு எல்லைக் கோடு எங்கே என்பதை அறிய, ஒரேயொரு சாயத்தை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் சேர்த்த டியூப் தேவை. இதை எஃப்எம்ஓ என்பார்கள். நம் கலவையில் சிடி3-யும் சிடி19-ம் தெளிவாக இரண்டாகப் பிரியும். அவற்றுக்கு இது வேண்டியதில்லை. தொடர்ச்சியாக மங்கிச் செல்லும் சிடி16, சிடி56 இருக்கும் பிஇக்கு மட்டும் ஒன்று வைத்தால் போதும் என்பது என் கருத்து. எல்லைக் கோடு போடுவதற்கு ஐசோடைப் ஆன்டிபாடியை (செல்லின் எந்தப் புரதத்தையும் குறிவைக்காத, அதே வகை ஆன்டிபாடியை) நம்பும் பழைய முறை இதைவிடப் பலவீனமானது.

கருவியின் முன்

லேசர்களை அரை மணி நேரம் முன்பே இயக்கி, அன்றைய தரச்சோதனை மணிகளை ஓட்டிய பிறகே மாதிரியைத் தொட வேண்டும். சாயமில்லாத செல்கள் மின்னிரைச்சலுக்கு மேலேயும், மிகப் பிரகாசமான செல்கள் அளவுகோலுக்குள்ளேயும் இருக்கும்படி ஒவ்வொரு நிறத்துக்கும் மின்னழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். ஒற்றைச் சாய டியூப்களைப் பதிவு செய்த பிறகு மின்னழுத்தத்தை ஓர் இம்மியும் மாற்றக் கூடாது. மாற்றினால் காம்பன்சேஷன் செல்லாது. ஓட்ட வேகத்தைக் கூட்டினால் செல்கள் செல்லும் மைய நீரோடை அகன்று, எல்லாச் செல்களும் லேசரின் நடுவில் செல்லாமல் ஒளி மதிப்பு பரவும். இரண்டு செல்கள் ஒன்றாகக் கடப்பதும் கூடும். நேரம் மிச்சம்பிடிப்பதற்காக உயர்வேகத்தில் ஓட்டுவதை விட்டு, தாழ்வேகத்திலோ நடுவேகத்திலோ ஓட்டுங்கள். கட்டிகள் தெரிந்தால் 40 மைக்ரோமீட்டர் வலையில் முதலில் வடிகட்டுங்கள்.

எத்தனை செல்கள் போதும் என்பது எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நூறு செல்களை எண்ணினால் எண்ணிக்கையின் தற்செயல் பிழையே 10 சதவீதம். ஆகவே ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் செல்லை அந்த அளவு நம்பகத்தோடு சொல்ல ஒரு லட்சம் செல்கள் வேண்டும். நம் பரிசோதனைக்குப் பத்தாயிரம் லிம்போசைட்டுகள் தாராளம்.

கேட்டிங்: படிப்படியாகச் சுருக்குதல்

முதலில் நேரத்துக்கு எதிரே செல்களை வரைந்து, ஓட்டம் தடைப்பட்ட பகுதி இருந்தால் நீக்குங்கள். அடுத்து, முன்சிதறலின் (செல்லில் பட்டு முன்னோக்கிச் சிதறும் லேசர் ஒளியின்) துடிப்புப் பரப்புக்கு எதிரே அதன் உயரம்: மூலைவிட்டத்தில் கிடப்பவை ஒற்றைச் செல்கள், பரப்பு மிகுந்து உயரம் குறைந்து விலகி நிற்பவை ஒட்டிய சோடிகள். ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் ஒட்டிக்கொண்டு கடந்தால் உலகில் இல்லாத ஒரு செல் பிறந்துவிடும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க இயலாது. மூன்றாவதாக, சிடி45-க்கு எதிரே பக்கச்சிதறல் (பக்கவாட்டில் சிதறும் ஒளி). சிடி45 மிகப் பிரகாசமாகவும் பக்கச்சிதறல் மிகக் குறைவாகவும் உள்ள இறுக்கமான கூட்டம் லிம்போசைட்டுகள். சற்று மேலே மோனோசைட்டுகள். துகள்கள் நிறைந்த நியூட்ரோஃபில்கள் உயரே பரந்திருக்கும். உடையாத சிவப்பணுக்களும் குப்பையும் சிடி45 இல்லாமல் இடப்புறம் ஒதுங்கும். இந்தக் கேட்டை, அதாவது கூட்டத்தைச் சுற்றிப் போடும் எல்லையை, தளர்வாகப் போட்டால் சிடி16 நிறைந்த நியூட்ரோஃபில்கள் உள்ளே புகுந்து என்கே செல்களாக வேடமிடும்.

லிம்போசைட்டுகளுக்குள் சிடி3-க்கு எதிரே சிடி19 வரைந்தால் டி செல்களும் பி செல்களும் எதிரெதிர் மூலைகளில் நிற்கும். இரண்டும் இல்லாத கூட்டத்தில் பிஇ நேர்மறையானவை என்கே செல்கள். டி செல்களுக்குள் சிடி4-க்கு எதிரே சிடி8. காம்பன்சேஷனுக்குப் பிறகு சில செல்களுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே மதிப்பு வருவது இயல்பு. சாதாரண மடக்கை அச்சில் அவை ஓரத்தில் நசுங்கி மறைந்துவிடும் என்பதால் பூஜ்யத்தைத் தாண்டிக் காட்டும் இருபுற அச்சைத் தேர்ந்தெடுங்கள்.

முடிவை நம்புவதற்கு முன் ஒரு கூட்டல் கணக்கு. டி, பி, என்கே மூன்றின் சதவீதமும் சேர்ந்து லிம்போசைட்டுகளில் 95 முதல் 105-க்குள் வர வேண்டும். குறைந்தால் கேட்டுக்குள் லிம்போசைட் அல்லாதவை இருக்கின்றன என்று பொருள். சிடி4-யும் சிடி8-ம் சேர்ந்து சிடி3-க்கு அருகே வர வேண்டும். காமா-டெல்டா என்னும் சிறுபான்மை வகை டி செல்கள் பலவற்றில் இரண்டுமே இருக்காது என்பதால் சிறு குறைவு இயல்புதான்.

ஒருமுறை என் கூட்டல் 100-ஐத் தாண்டிச் சென்றது. திரையில் சிடி3-யும் சிடி19-ம் ஒன்றாக உள்ள செல்கள் ஒரு மெல்லிய மேகமாக நின்றன. ஒட்டிய சோடிகள் என்று முதலில் நினைத்தேன். சோடி நீக்கும் கேட்டை இறுக்கியும் மேகம் கலையவில்லை. அந்தச் செல்களை மட்டும் பிரித்து வேறு நிறங்களில் பார்த்தபோது, ஒன்றுவிடாமல் எல்லாமே சிடி8 நேர்மறையாக இருந்தன. காலையில் தயாரித்த கலவைக் குப்பியை ஜன்னலோரம் திறந்த தாங்கியில் மாலைவரை விட்டிருந்தோம். ஏபிசி-சை7 சிதைந்து ஏபிசியாக ஒளிர்ந்தது. கருவி அதைச் சிடி19 என்று பதிவு செய்தது. இதே கலவையில் பிஇ-சை7 சிதைந்திருந்தால் சிடி4 செல்கள் என்கே அடையாளம் பூண்டிருக்கும், அதைப் புதிய கண்டுபிடிப்பென்று நினைத்து மகிழ்ந்தும் இருப்போம். அன்றிலிருந்து கலவைக் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றுகிறோம். அன்றன்றைய கலவையை அன்றே தீர்க்கிறோம்.

சதவீதம் போதாது, ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை செல்கள் என்று தெரிய வேண்டுமானால், எண்ணிக்கை தெரிந்த மணிகளைக் கலந்து ஓட்டலாம். 50 மைக்ரோலிட்டர் இரத்தத்தோடு 50,000 மணிகள் சேர்த்து, 2,400 சிடி4 செல்களும் 2,000 மணிகளும் பதிவானால், 2,400-ஐ 2,000-ஆல் வகுத்து, 50,000-ஐ 50-ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்க 1,200 கிடைக்கும். இந்த முறையில் கழுவவே கூடாது. கழுவினால் மணிகளும் செல்களும் ஒரே விகிதத்தில் போகாது. இரத்தத்தை அளக்கும் பிப்பெட்டின் துல்லியமே இங்கே விடையின் துல்லியம்.

வேலை முடிந்ததும் ஆன்டிபாடிகளின் பெயர், குளோன், தொகுதி எண், மின்னழுத்தங்கள், மாதிரி எடுத்த நேரம் ஆகியவற்றைக் கோப்போடு சேர்த்தே பதிந்து வையுங்கள். கருவியில் பத்து நிமிடம் பிளீச் கரைசலும், அதே நேரம் சுத்தமான நீரும் ஓட்டி, கழிவுக் கலத்தைக் காலி செய்து, புதிதாகப் பிளீச் ஊற்றி வைத்த பிறகு லேசரை அணைக்கலாம்.